விக்கறவர் வாயைத் திறக்கணுமா? நாய்க்குட்டிச் சண்டைக்குப் பின்னால ஒரு 2000 வருஷக் கதை

"தானமாக் கொடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதே"ன்னு ஒரு பழமொழி நம்ம எல்லாருக்கும் தெரியும். சும்மா கிடைச்சதுல குத்தம் கண்டுபிடிக்காதேன்னு அர்த்தம். ஆனா அந்தப் பழமொழிக்குள்ள சொல்லாம விட்ட ஒரு பாதி இருக்கு. காசு கொடுத்து வாங்கற மாடா இருந்தா? அப்போ பல்லைப் புடிச்சுப் பாத்தே ஆகணும். பாக்காம வாங்கிட்டு வந்தா அது உன் பாடு.

இன்னைக்கு எபிசோடு அந்தச் சொல்லாத பாதியைப் பத்தினது. மாட்டுக்குப் பதிலா நாய்க்குட்டியை வச்சுப் பேசப் போறோம்.

நாகர்கோவில்ல ஒரு குடும்பம்னு வச்சுக்குவோம். இன்ஸ்டாகிராம்ல வீடியோ பாத்து, வெளியூர் பிரீடர் ஒருத்தருக்கு ஜி-பே பண்ணி, 45 நாள் லேப்ரடார் குட்டி ஒண்ணு வாங்குறாங்க. அது ராத்திரி பஸ்ல அட்டைப்பெட்டிக்குள்ள உக்காந்து வந்து, காலையில வடசேரியில இறங்குது. நாலாவது நாள் குட்டி சாப்பிடல. அஞ்சாவது நாள் வாந்தி, ரத்தத்தோட வயித்துப்போக்கு. டாக்டர், டிரிப், ஊசி. ஏழாவது நாள் குட்டி இல்ல. பிரீடருக்கு போன் போட்டா, "நான் கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க வீடியோவுல பாத்துத்தானே வாங்கினீங்க? உங்க வீட்டுல என்ன ஆச்சோ"ங்கறார்.

இது ஒரு கற்பனைக் குடும்பம். ஆனா நாய் வளர்க்கற ஃபிரெண்டு யாரையாவது கேளுங்க, இதுல பாதியாவது அவங்களுக்கு நடந்திருக்கும்.

இந்தச் சண்டைக்குள்ள இருக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். உயிருள்ள ஒரு பிராணியை விக்கும்போது, அதோட குறையை விக்கறவர் தானாச் சொல்லணுமா, இல்ல வாங்கறவர்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? இந்தக் கேள்விக்கு மனுஷங்க 2000 வருஷத்துக்கும் மேல மாத்தி மாத்திப் பதில் சொல்லிட்டு இருக்காங்க.

கண்ணால பாத்து வாங்கற ஊர்

முதல்ல நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிப்போம். நாஞ்சில் நாட்டுல வளர்ந்தவங்களுக்குக் கண்ணால பாத்து வாங்கறது ரத்தத்துல ஊறினது. தோவாளையில பூ வாங்கினா மொட்டு எப்படி இருக்குன்னு பாப்போம். குளச்சல் மீனா இருந்தா செவுளைத் தூக்கி, சிவப்பா இருக்கான்னு பாப்போம். சக்கைப்பழத்தைத் தட்டிச் சத்தத்தைக் கேப்போம். பொருளோட குறை வெளியில தெரியும், பாக்கத் தெரிஞ்சவனை ஏமாத்த முடியாது. இதுதான் சந்தையோட நம்பிக்கை.

மாட்டுச் சந்தை இந்த அறிவோட உச்சம். மாட்டுக்குக் கீழ்த்தாடையில முன்பல்லு எட்டு. பால்பல்லு விழுந்து ரெண்டு நிலைப்பல்லு வந்தா வயசு சுமார் ரெண்டு. அப்புறம் நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டுப் பல்லு. விக்கறவர் வயசைக் குறைச்சுச் சொன்னாலும் வாய் பொய் சொல்லாது. அதோட சுழி. கோபுரச் சுழி நல்லது, பாடைச் சுழி ஆகாதுன்னு ஒரு பெரிய பட்டியலே உண்டு. சுழிக்கும் மாட்டோட ஆரோக்கியத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா அந்தப் பழக்கத்துக்குப் பின்னால ஒரு பதற்றம் இருக்கு பாருங்க. வெளியில தெரியாத குறையை வெளியில தெரியற ஏதோ ஒண்ணுல இருந்து எப்படியாவது படிச்சுடணும்ங்கற பதற்றம்.

தரகர் நடுவுல நிப்பார். துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சு விலை பேசுவாங்க. ரெண்டு வேளை பாலைக் கறக்காம விட்டு மடியைப் பெருசாக் காட்டற வித்தை விக்கறவங்களுக்குத் தெரியும். "கண் முன்னாடி கறந்து காட்டு"ன்னு கேக்கற வித்தை வாங்கறவங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே அறிவு, ஒரே சந்தை. ஏமாத்தினவன் அடுத்த வாரமும் அதே சந்தைக்கு வந்தாகணும். தரகருக்கும் தன் பேரைக் காப்பாத்திக்கணும். சட்டப் புத்தகம் இல்லாமலே ஓரளவு ஒழுங்கு இருந்ததுக்கு இதுதான் காரணம்.

ரோம்ல ஒரு பதில்

இதே பிரச்சினை பழைய ரோம்லயும் இருந்துச்சு. அங்கே சந்தைகளை மேற்பார்வை பாக்க ஈடில்னு அதிகாரிகள் இருந்தாங்க. அவங்க போட்ட ஆணையில ஒரு விதி: கால்நடை விக்கறவர், அதுக்கு இருக்கற நோயையும் குறையையும் வெளிப்படையாச் சொல்லிட்டுத்தான் விக்கணும். சொல்லாம வித்து, பின்னால குறை தெரிஞ்சா, வாங்கினவர் குறிப்பிட்ட காலத்துக்குள்ள வழக்குப் போட்டுப் பிராணியைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாம். இல்லன்னா வச்சுக்கிட்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லணும். இந்த ஆணை முதல்ல அடிமைச் சந்தைக்கு வந்தது. மனுஷங்களை வித்த அதே சந்தை, அதே விதி. விக்கறவனை நம்பாதேங்கற பாடத்தை ரோம் அங்கேதான் கத்துக்கிச்சு.

நாம கவனிக்க வேண்டியது அதுல ஒரு நுணுக்கத்தை. "எனக்கே தெரியாது"ன்னு விக்கறவர் சொன்னாலும் தப்பிக்க முடியாது. தெரிஞ்சுக்கிறது அவரோட வேலை. ஆக, ரோமோட பதில்: விக்கறவர்தான் வாயைத் திறக்கணும்.

இங்கிலாந்துல நேர் எதிர்ப் பதில்

இங்கிலாந்து பொதுச் சட்டம் இதுக்கு நேர் எதிர்த் திசையில போச்சு. வாங்கறவன் கவனமா இருந்துக்கணும், அவ்வளவுதான்.

இதுக்கு உச்சமா ஒரு வழக்கு. வார்டு எதிர் ஹாப்ஸ், 1878. ஒருத்தர் தன்னோட பன்றிகளுக்குத் தொத்துநோய் இருக்குன்னு தெரிஞ்சே நியூபரி சந்தைக்கு அனுப்பினார். "எல்லாக் குறைகளோடும்" விக்கப்படுதுன்னு, அதாவது எந்த உத்தரவாதமும் கிடையாதுன்னு நிபந்தனை. வாங்கினவர் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனார். பன்றிகள் செத்துச்சு. அவர்கிட்ட ஏற்கெனவே இருந்த பன்றிகளுக்கும் நோய் பரவிச்சு. நோயுள்ள கால்நடையைச் சந்தைக்கு அனுப்பறது அந்தக் காலத்துலயே குற்றம். அதனால "சந்தைக்குக் கொண்டு வந்தாலே நோய் இல்லன்னு சொன்ன மாதிரிதானே"ன்னு வாங்கினவர் வாதாடினார். பிரபுக்கள் சபை ஒத்துக்கல. விக்கறவர் எதையும் உறுதி சொல்லல, "எல்லாக் குறைகளோடும்"னுதான் வித்தார், அதனால நஷ்ட ஈடு கிடையாது.

"நோ கேரண்ட்டி, நோ ரிட்டர்ன்"னு இன்னைக்கு வாட்ஸ்அப்ல வர்ற வரி இருக்கே, அதோட தாத்தா இந்த "எல்லாக் குறைகளோடும்"தான்.

1872, ஒரு குதிரை, மூணு மௌனம்

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். இந்த எபிசோடோட உயிர் இந்த இடத்துலதான் இருக்கு.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. இன்னைக்கும் நடைமுறையில இருக்கற சட்டம். அதோட 17-ஆவது பிரிவு மோசடின்னா என்னன்னு சொல்லுது. சும்மா வாயை மூடிட்டு இருக்கறது மோசடி ஆகுமா? பொதுவா ஆகாது. பேச வேண்டிய கடமை இருந்தாலோ, மௌனமே பேச்சுக்குச் சமமா இருந்தாலோ மட்டும்தான் ஆகும். இதைப் புரிய வைக்கச் சட்டம் ஒரு குதிரைக் கதை சொல்லுது. நான் என் வார்த்தையில சொல்றேன்.

ஒருத்தர் குதிரையை ஏலத்துல விக்கறார். அதுக்கு உடம்புக் கோளாறுன்னு அவருக்குத் தெரியும். வாங்கறவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. இது மோசடியா? இல்லைங்குது சட்டம்.

அடுத்தது. வாங்கறது அவரோட சொந்த மகள், இப்பத்தான் வயசுக்கு, அதாவது சட்டப்படி மேஜர் ஆகற வயசுக்கு வந்திருக்கா. அப்போ அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கு. ஏன்னா அவ அவரை நம்பி நிக்கறா.

மூணாவதுதான் முக்கியம். வாங்கறவர் கேக்கறார்: "நீங்க இல்லைன்னு சொல்லலன்னா, குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்கறேன்." விக்கறவர் பதிலே சொல்லல. இப்போ அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். அதாவது "நல்லா இருக்கு"ன்னு வாயால சொன்ன மாதிரியே.

ஒரே குதிரை, ஒரே கோளாறு, ஒரே மௌனம். முதல் கதையில தப்பிக்கறார், மூணாவதுல மாட்டிக்கறார். நடுவுல மாறினது வாங்கறவர் போட்ட ஒரே ஒரு கேள்வி. ரோம் விக்கறவரைப் பேசச் சொல்லிச்சு. இங்கிலாந்து வாங்கறவரைப் பாக்கச் சொல்லிச்சு. 1872 சட்டம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்னக் கதவைத் திறந்து வச்சது: கேளு, கேட்டா அவர் சொல்லியாகணும்.

ஆனா இந்தச் சட்டமே 19-ஆவது பிரிவுல ஒரு செக் வைக்குது. மௌனத்தால நடந்த மோசடியா இருந்தாலும், நீங்க சாதாரணக் கவனத்தோட இருந்திருந்தா உண்மையைக் கண்டுபிடிச்சிருக்க முடியும்னா, ஒப்பந்தத்தை ரத்து பண்ணச் சொல்ல முடியாது. சாதாரணக் கவனம்ங்கறது நாய்க்குட்டி விஷயத்துல என்ன? அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம்

ஒரு உள்ளூர் விஷயம். 1872-ல இந்தச் சட்டம் வந்தப்போ அது நமக்கு வரல. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை, பிரிட்டிஷ் இந்தியா. இந்தப் பக்கம் நாஞ்சில் நாடு, திருவிதாங்கூர் மகாராஜாவோட ராஜ்ஜியம். இங்கே சக்கரம், அங்கே ரூபாய். இங்கே தனி நீதிமன்றம், அங்கே தனி நீதிமன்றம்.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1951-ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு, பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கும் பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்கள் பலதை நீட்டிச்சது. ஒப்பந்தச் சட்டமும், அடுத்து நான் சொல்லப் போற 1930 சரக்கு விற்பனைச் சட்டமும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. அதாவது 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாத் தமிழ்நாட்டோட இணையறதுக்கு முன்னாலயே, அந்தக் குதிரை கணவாயைத் தாண்டி உள்ள வந்தாச்சு.

நாய்க்குட்டி ஒரு சரக்கு

1930 சரக்கு விற்பனைச் சட்டம், 1893 ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி எழுதினது. அதுல "சரக்கு"ன்னா அசையும் சொத்து எல்லாமே. சோபாவும் சரக்குதான், செல்போனும் சரக்குதான், உங்க மடியில தூங்கற குட்டியும் சரக்குதான். கேக்க ஒரு மாதிரி இருக்கும். ஆனா அப்படி இருக்கறதாலதான் சில உரிமை கிடைக்குது.

15-ஆவது பிரிவு: ஒரு விவரம் சொல்லி வித்தா, பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தணும். "பியூர் லேப்ரடார்"னு சொல்லி வித்தது வளர்ந்த பிறகு வேற ஏதோவா நின்னா, விவரம் பொருந்தல. நம்ம ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்கூட இந்த வகையில வரும். பேர் வாங்கின இனத்துக்கு விலை அதிகம், விலை அதிகமானா கலப்பும் அதிகம்.

16-ஆவது பிரிவு: பொதுவாத் தரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. இங்கிலாந்தோட பழைய பதில்தான். ஆனா விலக்கு இருக்கு. அந்தப் பொருளையே தொழிலா விக்கறவர்கிட்ட விவரம் கேட்டு வாங்கினா, அது விக்கத் தகுந்த தரத்துல இருக்கணும். நீங்க பரிசோதிச்சுப் பாத்து வாங்கியிருந்தா, அந்தப் பரிசோதனையில தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கு மட்டும் கேக்க முடியாது.

இங்கே ரெண்டு வித்தியாசத்தைப் பாருங்க. ஒண்ணு, தொழிலா விக்கற பிரீடர் வேற, வீட்டு நாய் போட்ட குட்டியை ஒரு தடவை வித்த பக்கத்து வீட்டுக்காரர் வேற. ரெண்டாவது, கண்ணுக்குத் தெரியற குறை வேற, உள்ள ஒளிஞ்சிருக்கற குறை வேற. கால் நொண்டினா நீங்க பாத்திருக்கணும். ரத்தத்துல இருக்கற வைரஸை நீங்க எப்படிப் பாப்பீங்க?

1978: செவுளைத் தூக்கிப் பாக்க முடியாத நோய்

இங்கதான் பழைய சந்தை அறிவு தோத்துப் போகுது. பார்வோ வைரஸ்னு நாம சொல்ற நாய் நோய் ரொம்பப் பழசு இல்ல. 1970-களோட கடைசியில தோன்றி, 1978 வாக்குல உலகம் முழுக்கப் பரவினது. 1980-களோட தொடக்கத்துலயே சென்னைக் கால்நடை மருத்துவர்கள் இங்கேயும் அதைப் பதிவு பண்ணிட்டாங்க. நம்ம தாத்தாக்களோட மாட்டுச் சந்தை அறிவுல இதுக்குப் பல்லும் இல்ல, சுழியும் இல்ல.

உள்ள போன வைரஸ் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள, சில சமயம் ரெண்டு வாரம் கழிச்சு வெளியில தெரியும். அதுவரைக்கும் குட்டி துள்ளி விளையாடும், வீடியோவுல அழகா இருக்கும். இந்தக் கணக்கை வச்சுச் சண்டையைப் பாருங்க. வந்த ரெண்டாவது நாள் நோய் தெரிஞ்சா, அது பிரீடர் இடத்துலயே தொத்தியிருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். மூணு வாரம் கழிச்சுத் தெரிஞ்சா, உங்க இடத்துல தொத்தியிருக்கும். நடுவுல ஒரு பத்து நாள் இருக்கு பாருங்க, அது யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. நம்ம வடசேரிக் குட்டி மாதிரி பெரும்பாலான சண்டை அந்தப் புறம்போக்குலதான் நடக்குது.

பிரீடர் தரப்பையும் நியாயமாச் சொல்லணும். இந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். முன்னாடி ஒரு நாய் பார்வோவுல செத்த வீட்டுக்கே புதுக் குட்டியைக் கொண்டு போறவங்க உண்டு. வந்த அன்னைக்கே தெருவுல இறக்கி விடறவங்க, முதல் நாளே சாப்பாட்டை மாத்திப் பசும்பாலும் பிரியாணியும் கொடுக்கறவங்க உண்டு. "ஒரு ஊசி போட்டாச்சு, இனி பயமில்ல"ன்னு நினைக்கறவங்கதான் அதிகம். தாய்ப்பால் வழியா வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தையே வேலை செய்ய விடாமத் தடுக்கும். அதனாலதான் ஆறு, எட்டு வாரத்துல ஆரம்பிச்சு நாலு மாசம் வரைக்கும் திரும்பத் திரும்ப ஊசி போடச் சொல்றாங்க. இதையெல்லாம் ஒழுங்காச் சொல்லிக் கொடுத்து விக்கற பிரீடரும், செத்த குட்டிக்காகத் திட்டு வாங்கிட்டுத்தான் இருக்கார்.

நாகர்கோவில்லயே கேஸ் போடலாமா?

போடலாம். 1986 டிசம்பர்ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் இந்த மாதிரிச் சின்ன வழக்கைச் சாத்தியமாக்கினது. அதுக்கு முன்னாடி 25,000 ரூபாய்க் குட்டிக்காக சிவில் கோர்ட்டு ஏறினா, குட்டி விலையை விட வக்கீல் செலவு அதிகம். அதோட இடத்துல வந்த 2019 சட்டம் 2020 ஜூலையில நடைமுறைக்கு வந்துச்சு. அது இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. விக்கறவர் எந்த ஊர்ல இருந்தாலும், வாங்கினவர் குடியிருக்கற இடத்துலயே புகார் கொடுக்கலாம். ஆக, சென்னைக் குட்டிக்கும் பெங்களூரு குட்டிக்கும் நாகர்கோவில்ல இருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா புகார்க் கட்டணமே கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

ரெண்டு இடத்துல வழுக்கும். ஒண்ணு, குட்டி போட வச்சு வியாபாரம் பண்ணத்தான் வாங்கினேன்னா நீங்க "நுகர்வோர்" இல்லன்னு எதிர்த்தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்காகச் செய்யற சுயதொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு. ரெண்டாவது, ஆதாரம். துக்கத்துல குட்டியைக் கொல்லைப்புறத்துல தென்னை மரத்தடியில புதைச்சுடறோம். கேஸும் அதோட சேர்ந்து புதைஞ்சு போகுது. பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாம, எந்த நோய்னு யார் சொல்றது? கேக்கக் கஷ்டமா இருந்தாலும், அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு முதல்ல கொண்டு போகணும்.

2017: பழைய ரோம் திரும்பி வருது

2015-ல இந்தியச் சட்ட ஆணையம் தன்னோட 261-ஆவது அறிக்கையில, செல்லப்பிராணிக் கடைகளையும் நாய் இனப்பெருக்கத் தொழிலையும் ஒழுங்குபடுத்தியே ஆகணும்னு சொன்னது. 2017 மே மாசம், 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழே நாய் இனப்பெருக்கம், விற்பனை பத்தின விதிகள் வந்துச்சு. பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. மைக்ரோசிப் இருக்கணும். தாய் நாய்க்கு 18 மாசமாவது ஆகியிருக்கணும், வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, வாழ்நாள்ல அஞ்சுக்கு மேல கூடாது.

எட்டு வாரம்னா 56 நாள். ஆரம்பத்துல சொன்ன 45 நாள் குட்டியை நினைச்சுப் பாருங்க. அதை வித்ததே விதிமீறல்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடுவோம். "கேசிஐ பேப்பர் இருக்கு"ன்னு சொல்வாங்க. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, தலைமையகம் சென்னை. அந்தப் பேப்பர் குட்டியோட வம்சாவளிப் பதிவு, அப்பா அம்மா யாருன்னு சொல்லும். அது ஆரோக்கியச் சான்றும் இல்ல, வாரியத்தோட பதிவும் இல்ல. மூணும் மூணு வேற காகிதம்.

விதி நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைத் தாங்கி நிக்கற 1960 சட்டத்துல, விதியை மீறினா அபராதத்துக்கு உச்சவரம்பு 100 ரூபாய். மூணு மாசம் வரை சிறையும் உண்டுன்னு இருந்தாலும், அந்த 100 ரூபாயைப் பாத்து யாரும் நடுங்கப் போறதில்ல.

திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கு

வெளிநாட்டுல என்ன பண்றாங்க? கலிஃபோர்னியாவுல பிரீடர் விக்கற நாய்க்கே தனி உத்தரவாதச் சட்டம் இருக்கு. வித்த 15 நாளுக்குள்ள நோய் வந்தாலோ, ஒரு வருஷத்துக்குள்ள பரம்பரைக் குறை தெரிஞ்சாலோ, அதை மருத்துவர் உறுதிப்படுத்தினா, வாங்கினவருக்கு மூணு வழி. திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாம். வேற குட்டி வாங்கிக்கலாம். இல்லன்னா அதே நாயை வச்சுக்கிட்டு, விலையில ஒன்றரை மடங்கு வரைக்கும் வைத்தியச் செலவைக் கேக்கலாம். அந்தப் பத்து நாள் புறம்போக்குக்கு அவங்க வேலி போட்டுட்டாங்க. யார் தப்புன்னு வாதாடற வேலையே இல்ல, தேதிதான் தீர்ப்பு.

இங்கிலாந்தும் மாறிடுச்சு. "எல்லாக் குறைகளோடும்" வித்த அதே நாட்டுல, 2020 ஏப்ரல்ல இருந்து லூசி சட்டம். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டியை இடைத்தரகர் விக்கக் கூடாது, வளர்த்தவர்கிட்டயே நேரா வாங்கணும். லூசிங்கறது மோசமான ஒரு குட்டிப் பண்ணையில இருந்து மீட்கப்பட்ட தாய் நாயோட பேர்.

கலிஃபோர்னியாவோட மூணாவது வழியை நான் அடிக்கடி நினைக்கறேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னா மாத்திக் கொடுன்னு கேப்போம். ரெண்டு வாரம் நம்ம கூடத் தூங்கின குட்டி நோயில கிடக்கும்போது "மாத்திக் கொடு"ன்னு யாருக்கு மனசு வரும்? திருப்பி அனுப்பினா அதுக்கு அங்கே வைத்தியம் நடக்குமாங்கறதும் நமக்குத் தெரியாது. 2014-ல ஜல்லிக்கட்டு வழக்குல உச்ச நீதிமன்றம், பிராணிகளோட உயிருக்குத் தனி மதிப்பு இருக்குன்னு சொன்னது. அப்புறம் அந்த வழக்கோட கதை எங்கெங்கயோ போச்சு, உங்களுக்கே தெரியும். ஆனா விற்பனைச் சட்டத்துக்குள்ள குட்டி இன்னும் சரக்குதான். காசு திரும்பி வரலாம். குட்டிக்கு என்ன ஆச்சுன்னு கேக்க அந்தச் சட்டத்துல இடமே இல்ல. பின்கட்டுல வருஷத்துக்கு ரெண்டு ஈத்து போட்டுட்டுக் கிடக்கற தாய் நாய், எந்தப் புகார் மனுவிலயும் ஒரு தரப்பு கிடையாது.

அதனாலதான் கேஸுக்குப் போறதுக்கு முன்னாடி நடக்கற அந்தப் பேச்சு முக்கியம்னு நினைக்கறேன். 1872-ல எழுதின மூணாவது குதிரைக் கதை உங்க போன்லயே வேலை செய்யும். காசு அனுப்பறதுக்கு முன்னாடி பிரீடருக்கு எழுத்துல கேளுங்க: குட்டி பிறந்த தேதி என்ன, எந்த ஊசி எந்தத் தேதியில போட்டீங்க, உங்க பதிவு எண் என்ன, இந்த ஈத்துல வேற குட்டிக்கு நோய் வந்துச்சா, தாயை நேர்ல பாக்கலாமா. கடைசியா ஒரு வரி: "நீங்க இல்லைன்னு சொல்லலன்னா, குட்டிக்கு எந்த நோயும் இல்லன்னு நம்பி வாங்கறேன்." நல்ல பிரீடர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார், அவரும் உங்களைப் பத்து கேள்வி கேப்பார். ப்ளூ டிக் மட்டும் விழுந்து பதில் வரலன்னா, அந்த இடத்துல வாங்காம விடறதுதான் உத்தமம். வாங்கிட்டீங்கன்னா, அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு இப்போ தெரியும்.

சாதாரணக் கவனம்னு 19-ஆவது பிரிவு சொல்றது அடுத்த படி. குட்டி கைக்கு வந்த ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ஒரு கால்நடை மருத்துவர்கிட்டக் காட்டி, தேதியோட சீட்டு வாங்கி வைங்க. பிரீடரும் கொடுக்கற அன்னைக்கே ஒரு சீட்டு வாங்கி வச்சுட்டா, ரெண்டு பேருக்கும் அது காவல்.

மாட்டோட வயசை வாய் சொல்லிச்சு, மீனோட நாளைச் செவுள் சொல்லிச்சு. நாய்க்குட்டி விஷயத்துல அதை வளர்த்த மனுஷர்தான் சொல்லணும். அவரைச் சொல்ல வைக்கற கேள்வி உங்க கையில இருக்கு.